குடிப்பவனும் கடையும்
மதுவிலக்கு எழுத்தின் குறையும் நிறையும்

தோட்டப்புறத் தமிழ்ப் பள்ளிகளின் விழா மேடைகளில் மதுவிலக்கு நாடகம் நெடுங்காலமாக நடந்து வருகிறது. அதன் கதை தோட்டத்துக்குத் தோட்டம் மாறுவதில்லை. சம்பள நாள் இரவில் கணவன் தள்ளாடி வருகிறான். அடுப்பில் உலை ஏறவில்லை. மனைவி அழுகிறாள், அவன் கை ஓங்குகிறான், சட்டி உடைகிறது. பிறகு பெரியவர் ஒருவர் வந்து அறிவுரை கூறுகிறார். குடிகாரன் திருந்துகிறான், திரை விழுகிறது. குடிகாரனாக நடிக்கும் மாணவன் தள்ளாடுந்தோறும் கூட்டம் சிரிக்கும். நாடகத்தில் மிகுந்த கைதட்டல் அவனுக்கே கிடைக்கும்.

மேடைக்கு முன்னால் பாயில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளுள் சிலர் மட்டும் சிரிப்பதில்லை. தம் வீட்டில் முந்தைய இரவு நடந்தது மேடையில் நடப்பதை அவர்கள் பார்க்கின்றனர். பக்கத்தில் இருப்பவன் தன்னைத் திரும்பிப் பார்க்கிறானோ என்ற அச்சத்தில் தலை தாழ்கிறது. அந்தப் பிள்ளைகளின் நன்மைக்காகவே அந்த நாடகம் எழுதப்பட்டது. ஆனால் மேடையிலிருந்து அவர்களுக்குக் கிடைப்பது வெட்கம் ஒன்றே.

இக்குறை எழுதிய ஆசிரியரின் நோக்கத்தில் இல்லை. கதையின் அமைப்பில் இருக்கிறது. கதையில் குடிப்பவன் இருக்கிறான். அவனால் துன்புறுவோர் இருக்கின்றனர். விற்பவன் இல்லை, கடை இல்லை, கடைக்கு உரிமம் கொடுத்தவர் இல்லை. கள் வானத்திலிருந்து பெய்தது போலக் கதை நடக்கிறது. இந்த அமைப்பு எதனால் குறையுடையது, இதைக் கடந்து சென்ற எழுத்தும் இயக்கமும் எவை என்று ஆராய்வது தமிழாசிரியர்களுக்குப் பயன் தரும்.

வள்ளுவர் வைத்த இடம்

மதுவிலக்குப் பற்றிப் பேசுவோர் எவரும் முதலில் நாடுவது திருக்குறளின் 93-ஆம் அதிகாரமாகிய கள்ளுண்ணாமையை. அதை எடுத்துப் பேசும் பலர் அது நூலில் நிற்கும் இடத்தைக் கருதுவதில்லை. புலால் மறுத்தலையும் கொல்லாமையையும் அறத்துப்பாலில் வைத்த வள்ளுவர், கள்ளுண்ணாமையைப் பொருட்பாலில் வைத்தார். வரைவின் மகளிருக்கும் சூதுக்கும் நடுவில் வைத்தார். முதற் குறளே பாவத்தைப் பற்றிப் பேசவில்லை. கள்ளில் காதல் கொண்டவரைப் பகைவர் அஞ்சமாட்டார் என்கிறது. ஆகவே குடியை ஒரு சமுதாயத்தின் வலிமையும் பொருளும் அழியும் வழியாகவே அவர் முதலில் எண்ணினார் எனலாம்.

அதிகாரத்தின் பத்துக் குறள்களுள் மூன்றை இங்கே கூர்ந்து நோக்க வேண்டும். ஐந்தாம் குறள், விலை கொடுத்து அறிவிழப்பை வாங்கும் பேதைமையைச் சொல்கிறது. ஒன்பதாம் குறள், குடித்து மயங்கியவனுக்குக் காரணம் காட்டித் தெளிவிக்க முயல்வது, நீருக்கடியில் மூழ்கியவனை விளக்கேற்றித் தேடுவது போன்றது என்கிறது. பத்தாம் குறள், ஒருவன் தான் குடிக்காதிருக்கும் வேளையில் குடித்த இன்னொருவனைக் கண்டால், தன் சோர்வும் இத்தகையதே என்று நினைக்கமாட்டானோ என்று கேட்கிறது.

ஒன்பதாம் குறளையும் பத்தாம் குறளையும் சேர்த்துப் படித்தால் ஒரு பெரிய உண்மை புலப்படும். மயங்கியிருப்பவனுக்கு அறிவுரை பயன்படாது. தெளிந்திருக்கும் வேளையில், தன்னையொத்த ஒருவனைக் கண்டு, அவனே உணர வேண்டும். நாடகத்தில் கடைசிக் காட்சியில் வந்து நீதி கூறும் பெரியவர், வள்ளுவர் பயனற்றது என்று தள்ளிய வேலையையே செய்கிறார்! நீருக்குள் விளக்குப் பிடிக்கிறார்.

ஐந்தாம் குறளோ வேறொரு கேள்வியை எழுப்புகிறது. விலை கொடுக்கிறான் என்றால் யாருக்குக் கொடுக்கிறான்? வாங்குபவனின் பேதைமையோடு குறள் நின்றுவிடுகிறது. சங்க காலத்திலும் கள் விலைக்கு விற்கப்பட்டது. காவிரிப்பூம்பட்டினத்தில் கள் விற்கும் இடத்தைக் காட்டும் கொடி பறந்ததைப் பட்டினப்பாலை கூறும். ஆயினும் புறநானூற்றில் பெரிதும் காணப்படும் கள், தலைவன் தன்னைச் சேர்ந்தோருடன் பகிர்ந்து உண்ணும் கள். அதியமான் இறந்தபோது ஒளவையார் பாடிய கையறுநிலைப் பாட்டில், சிறிது கிடைத்தால் பாணர்க்கே கொடுத்துவிட்டு, மிகுதியாகக் கிடைத்தால் அவர் பாடத் தானும் உடனிருந்து உண்ட வள்ளலின் கள்ளைக் காண்கிறோம். அந்தக் கள்ளால் யாரும் பொருள் திரட்டவில்லை. தோட்டத்துத் தொழிலாளி குடித்த கள் அவ்வாறானதன்று. அவன் கூலியை வாங்கிய கையாலேயே அதைத் திருப்பிக் கொடுத்துப் பெற்ற கள் அது.

ஆறு பேர் எடுத்த உறுதி

வள்ளுவரின் பத்தாம் குறளுக்கு உரை எழுதியது போன்ற நிகழ்ச்சி ஒன்று கடல் கடந்து அமெரிக்க நாட்டில் நடந்தது. 1840-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் பால்டிமோர் நகரத்தில், ஒரு மதுக்கடையில் வழக்கமாகக் கூடிக் குடித்து வந்த ஆறு பேர், இனிக் குடிப்பதில்லை என்று தமக்குள் உறுதி செய்து ஒரு சங்கம் அமைத்தனர். தையற்காரர் ஒருவர், தச்சர் ஒருவர், கொல்லர் இருவர், வண்டி செய்பவர் ஒருவர், வெள்ளி வேலை செய்பவர் ஒருவர். அனைவரும் கைத்தொழிலாளர். தம் நாட்டின் முதல் குடியரசுத் தலைவரின் பெயரைச் சங்கத்துக்கு வைத்து, வாசிங்டன் சங்கம் என்றனர்.

அதற்கு முன்பும் அந்நாட்டில் மதுவிலக்குச் சங்கங்கள் இருந்தன. 1826-இல் பாஸ்டனில் அமெரிக்க மதுவிலக்குச் சங்கம் தோன்றியது. சமய போதகரும் செல்வரும் பேசினர். குடிகாரன் கேட்க வேண்டியவனாக மட்டும் இருந்தான். பால்டிமோர் சங்கத்தில் போதகருக்கு வேலையில்லை. கூட்டத்தில் எழுந்த ஒவ்வொருவரும் தம் கதையைச் சொன்னார்: எப்படிக் குடித்தேன், என்ன இழந்தேன், எப்படி விட்டேன். சங்கத்தின் புகழ்பெற்ற பேச்சாளராக விளங்கிய ஜான் ஹாக்கின்ஸ் என்பவர், மது வாங்கிவரத் தம் மகளை அனுப்ப முற்பட்டபோது, தன்னை அனுப்ப வேண்டா என்று அச்சிறுமி கெஞ்சியதே தம்மைத் திருப்பியது என்று மேடைதோறும் சொன்னார். கேட்டவர்கள் தம் வீட்டை நினைத்தனர். சில ஆண்டுகளில் இந்த இயக்கம் நாடெங்கும் பரவியது.

1842-ஆம் ஆண்டு பிப்ரவரி 22-ஆம் நாள், இலினாய் மாநிலத்து ஸ்பிரிங்பீல்டு நகரில் இச்சங்கத்தின் கிளையார் கூட்டிய கூட்டத்தில் 33 வயது வழக்கறிஞர் ஒருவர் உரையாற்றினார். பிற்காலத்தில் குடியரசுத் தலைவரான ஆபிரகாம் லிங்கனே அவர். அவ்வுரை மதுவிலக்குப் பேச்சு என்பதைவிட, மதுவிலக்குப் பேச்சைப் பற்றிய திறனாய்வு என்பதே பொருந்தும். முன்னைய இயக்கத்தார் ஏன் தோற்றனர், இவர்கள் ஏன் வென்றனர் என்று அவர் ஆராய்ந்தார். முன்னையோர் குடிப்பவனையும் விற்பவனையும் இழித்துப் பேசினர். இழித்துப் பேசப்படுபவன் நெஞ்சை மூடிக்கொள்வான் என்பது அவர் கருத்து. ஒருவனை நம் பக்கம் திருப்ப வேண்டுமானால், நாம் அவனுக்கு உண்மை நண்பர் என்பதை முதலில் அவன் நம்ப வேண்டும் என்றார். குடிக்கு அடிமையாகாதவர் அங்ஙனம் தப்பியது, அறிவாலோ ஒழுக்கத்தாலோ அன்று, அந்த ஆசை இல்லாமையால்தான் என்றும் துணிந்து சொன்னார். கேட்டிருந்த நல்லோர் சிலருக்கு அது கசந்திருக்கும்.

ஓர் ஆசிரியர், இரு நூல்கள்

வாசிங்டன் சங்கம் ஓங்கிய விரைவிலேயே தளர்ந்தது. 1840-களின் இறுதிக்குள் அதன் செல்வாக்குப் பெரும்பாலும் மறைந்தது. உறுதிமொழி எடுத்தவருள் பலர் மீண்டும் குடித்தனர். காரணம் தேடத் தொலைவு செல்ல வேண்டியதில்லை. மனிதன் மாறினான், அவன் நாள்தோறும் நடந்த தெருவும் தெருமுனைக் கடையும் மாறவில்லை.

இந்தப் பாடத்தை ஓர் எழுத்தாளரின் இரு நூல்களில் காணலாம். டிமதி ஷே ஆர்தர் என்பவர் 1842-இல் ‘வாசிங்டன் சங்கத்தாருடன் ஆறு இரவுகள்’ என்ற கதைத் தொகுதியை வெளியிட்டார். திருந்திய குடிகாரரின் கதைகளே அதன் பொருள். பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1854-இல், ‘ஒரு மதுக்கடையில் பத்து இரவுகள்’ என்ற நாவலை எழுதினார். இரு தலைப்புகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் எழுத்தாளரின் கண் எங்கே நகர்ந்தது என்பது விளங்கும். முன்னதில் ஆட்கள், பின்னதில் கடை.

நாவலில் சைமன் ஸ்லேடு என்பவன் நேர்மையாக நடத்திய மாவாலையை விற்றுவிட்டுச் சிற்றூரில் மதுக்கடை திறக்கிறான். ஆண்டுகள் இடையிட்டு வந்துபோகும் ஒருவன் பத்து இரவுகளில் அவ்வூர் சீரழிவதைக் காண்கிறான். ஜோ மார்கன் என்ற குடிகாரனைக் கடையிலிருந்து அழைத்துப்போக அவன் மகள் மேரி இரவுதோறும் வருகிறாள். ஓர் இரவு கடைக்காரன் சினத்தால் வீசிய கண்ணாடிக் குவளை அக்குழந்தையின் தலையில் பட்டு, அவள் இறக்கிறாள். தந்தை திருந்துகிறான். முடிவில் கடைக்காரனே தன் மகன் கையால் மாய்கிறான். ஊரார் கூடிக் கடையை மூடுகின்றனர்.

இந்நாவலின் உணர்ச்சிப் பெருக்கு இன்று மிகையாகத் தோன்றும். குழந்தையின் சாவு படிப்பவர் கண்ணீரை வலிந்து இழுக்கிறது. ஆயினும் அமைப்பில் அது நம் பள்ளி நாடகத்தைவிடப் பல படி உயர்ந்தது. கடைக்காரன் பிறவியிலேயே தீயவனாக வரவில்லை. எளிதில் வரும் பணத்தை நாடிய சாதாரண மனிதனாக வருகிறான். கடை அவனையும் விழுங்குகிறது. லிங்கன் எச்சரித்தபடி ஆளை இழிக்காமலே கடையின் கேட்டைக் காட்ட முடியும் என்பதற்கு இது சான்று. 1851-இல் மெயின் மாநிலம் மது விற்பனையைத் தடுத்துச் சட்டம் இயற்றியிருந்த சூழ்நிலையில் இந்நாவல் பெரிதும் படிக்கப்பட்டதில் வியப்பில்லை.

தோட்டத்துக் கள்ளுக்கடை

மலாயாத் தமிழரின் வாழ்க்கையில் கடை எங்கே இருந்தது? ரப்பர்த் தோட்டங்கள் பலவற்றில் அது லயங்களுக்கு அருகிலேயே இருந்தது. அரசாங்க உரிமத்தோடு, தோட்ட நிருவாகத்தின் பொறுப்பிலேயே நடந்தது. அதன் வருவாயிலிருந்து தொழிலாளர் நலத்துக்கென நிதி ஒதுக்கும் வழக்கமும் இருந்தது. தொழிலாளியின் உடல்நலத்தைக் கெடுத்த காசில் ஒரு பகுதி அவன் நலத்துக்கே திரும்பி வந்தது. இதைவிடக் கூர்மையான நாடகக் காட்சி வேறு எது வேண்டும்? எழுதியவர் அரியர்.

கடைக்கு இன்னொரு முகமும் உண்டு. விடியற்காலைப் பெரட்டிலிருந்து மாலை வரை உழைத்தவனுக்கு, நாலு பேருடன் உட்கார்ந்து பேசுவதற்குத் தோட்டத்தில் வேறிடம் அரிதாக இருந்தது. கள்ளைத் தேடிப் போனவர் சிலர்; கூட்டத்தைத் தேடிப் போய்க் கள்ளுக்கு ஆளானவர் பலர். இதை உணராத எழுத்துக்குக் குடிப்பவனின் நெஞ்சு புலப்படாது.

எழுத்தாளர் காணத் தவறியதைத் தொழிலாளரும் அவர்தம் தலைவரும் கண்டனர். 1936-இல் தோன்றிய மலாயா மத்திய இந்தியர் சங்கம் கள்ளுக்கு எதிராகக் குரல் கொடுத்தது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தில், கூலி உயர்வோடும், துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கும் வழக்கத்தை ஒழிக்கும் கோரிக்கையோடும், கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்ற கோரிக்கையும் இடம் பெற்றது. ஆர். எச். நாதன் முதலியோர் தலைமையில் நடந்த அப்போராட்டம் ஆயுத வலிமையால் அடக்கப்பட்டது. கூலி, மானம், கள் ஆகிய மூன்றையும் ஒரே தாளில் எழுதிய அந்தத் தொழிலாளரின் பார்வை, மதுவிலக்கைத் தனிமனித ஒழுக்கமாக மட்டும் கண்ட புலவரின் பார்வையைவிட விரிந்தது.

போருக்குப் பின் கெடா மாநிலத்தில் தொண்டர் படை எழுந்தது. பீடோங் வட்டாரத்து ஹார்வர்டு தோட்டத்தில் ஏ. எம். சாமி என்பவர் தலைமையில், 1946, 1947-ஆம் ஆண்டுகளில் அது இயங்கியது. நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தின் நினைவு இளைஞர் நெஞ்சில் இன்னும் சூடாக இருந்த காலம் அது. அணிவகுப்பும் சீருடையும் ஒழுங்கும் கொண்டு, தோட்டத் தொழிலாளரே தோட்டத்துக் கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தனர். 1947-இல் போலீசார் கடுமையாக அடக்கியதில் பலர் சிறை புகுந்தனர், இயக்கம் ஒடுங்கியது.

பால்டிமோரின் ஆறு பேரையும் தொண்டர் படையினரையும் ஒப்பிட்டால் ஒற்றுமை தெளிவாகும். இரு சாராரும் உழைப்பாளர். வெளியார் வந்து திருத்தக் காத்திராதவர். வேற்றுமையும் உண்டு. முன்னவர் குடிப்பவன் நெஞ்சைத் தொட்டனர், கடையைத் தொடவில்லை. பின்னவர் கடையைத் தொட்டனர். தொட்டவுடன் கடைக்குப் பின்னால் யார் நிற்கிறார் என்பது வெளிப்பட்டது. கடை வெறும் கடையாக இருந்திருந்தால் அதைக் காக்கப் போலீசு வந்திருக்குமா?

விமோசனமும் பார்வதியும்

தாய்த்தமிழகத்தில் மதுவிலக்குக்கென்றே ஓர் இதழ் நடந்தது. திருச்செங்கோட்டுக்கு அருகில் புதுப்பாளையம் காந்தி ஆசிரமத்திலிருந்து 1929-இல் இராஜாஜி தொடங்கிய ‘விமோசனம்’ அது. கல்கி துணையாசிரியராக இருந்து உழைத்தார். கதை, கட்டுரை, படம் எனப் பல வழிகளில் குடியின் கேட்டை அது எடுத்துரைத்தது. இராஜாஜி எழுதிய ‘திக்கற்ற பார்வதி’ இவ்வகை இலக்கியத்தில் குறிப்பிடத்தக்க படைப்பு. 1974-இல் சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கத்தில் திரைப்படமாகவும் வந்தது. கருப்பன் குடிக்கு ஆளாவதை ஒருவனின் தீக்குணமாக மட்டும் அது காட்டவில்லை. கடனும் கள்ளும் ஒன்றையொன்று வளர்க்கும் முறையையும், இரண்டின் சுமையும் முடிவில் ஒரு பெண்ணின் தலையில் இறங்குவதையும் காட்டுகிறது. படித்து முடித்தவனுக்குக் கருப்பனைப் பார்த்துச் சிரிக்கத் தோன்றாது. பள்ளி நாடகம் கற்க வேண்டிய முதற்பாடம் இதுவே.

எழுதியதோடு இராஜாஜி நிற்கவில்லை. சென்னை மாகாண முதலமைச்சராகி, 1937-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். கள்வழி வருவாய் குறைந்ததை ஈடுசெய்ய 1939-இல் விற்பனை வரி வந்தது. 1948-இல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு நடைமுறையாயிற்று. 1971-இல் அது தளர்த்தப்பட்டது. பின்னர் மீண்டும் தடை, மீண்டும் தளர்வு. 1983-இல் தோன்றிய அரசு வாணிகக் கழகம் 2003 முதல் மதுவைச் சில்லறையாகவும் தானே விற்கத் தொடங்கியது. அமெரிக்காவில் 1920-இல் நடைமுறைக்கு வந்த நாடு தழுவிய மதுவிலக்கும் கள்ளக் கடத்தல் பெருகியபின் 1933-இல் நீக்கப்பட்டது. கடையை மூடிய சட்டம் மக்கள் நெஞ்சில் வேரூன்றாவிட்டால் நிலைக்காது. நெஞ்சு மாறினும் கடை திறந்திருந்தால் அந்த மாற்றமும் நிலைக்காது. இலக்கியம் இரண்டையும் ஒருசேரப் பார்க்க வேண்டும்.

மலையேறி வந்த குடி

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் இவ்வுண்மை வெளிப்படையாகத் தெரியும். 1885-இல் வில்லியம் கேமரன் கண்டறிந்த இம்மலையில், 1929 முதல் தேயிலைத் தோட்டம் எழுந்தது. தானா ராத்தா ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தில் உள்ளது. இந்த உயரத்தில் கள் இறக்கத் தென்னை காய்ப்பதில்லை. ஆகவே இம்மலையில் ஒருவன் கையில் இருக்கும் குடி எதுவாயினும், அது தானாக விளைந்ததன்று. கீழேயிருந்து வளைந்து வளைந்து ஏறும் சாலையில் யாரோ இலாபங் கருதி ஏற்றிவந்தது. கள்ளின் இடத்தை மலிவான சம்சு பிடித்த பிறகும் இதே நிலைதான். சமவெளியில் கடையை மறந்து கதை எழுதலாம். இம்மலையில் அதற்குச் சாக்கில்லை.

‘குளிருக்குத்தான் குடிக்கிறேன்’ என்பது மலைத்தோட்டங்களில் கேட்கும் பேச்சு. இதற்கும் அறிவுரையைவிட அறிவியல் நல்ல விடை தரும். மது உள்ளே சென்றால் தோலின் இரத்தக் குழாய்கள் விரியும். உடலின் உள்வெப்பம் தோலுக்கு வந்து வெளியேறும். சூடு ஏறியது போலத் தோன்றும் வேளையில் உடல் உண்மையில் சூட்டை இழக்கிறது. ஐந்தாம் குறள் கூறும் அறியாமை வாங்குதலுக்கு இதைவிடத் தக்க எடுத்துக்காட்டு இல்லை: குளிரைப் போக்க விலை கொடுத்து, குளிரையே வாங்குகிறான். இதைத் தெளிந்திருக்கும் வேளையில் மாணவனுக்குச் சொன்னால் அவன் பிறகும் நினைவில் வைப்பான்.

எழுதுவோர்க்கும் கற்பிப்போர்க்கும்

மதுவிலக்கை வைத்து எழுதும் எவரும் தம் படைப்பை மூன்று கேள்விகளால் சோதித்துப் பார்க்கலாம். குடிப்பவனின் குழந்தை இதைக் கேட்டால் தலை நிமிருமா, தாழுமா? விற்றவனும் விற்க விட்டவரும் கதையில் எங்கே? குடியை விட்டவன் மறுநாள் மாலையை எங்கே கழிப்பான்? மூன்றாவது கேள்விக்கு வாசிங்டன் சங்கத்தார் கூட்டத்தையும், தொண்டர் படையினர் அணிவகுப்பையும் விடையாக வைத்தனர். தோட்டத்தில் ஒரு படிப்பகமோ பந்தாட்டக் குழுவோ அவ்விடையாகலாம். நாடகத்தின் கடைசிக் காட்சியில் பெரியவரின் நீதியுரைக்குப் பதிலாக, விட்டவன் ஒருவன் விடாதவன் அருகில் போய் அமர்ந்து தன் கதையைச் சொல்லட்டும். திரை அங்கே விழட்டும்.

வகுப்பில் கள்ளுண்ணாமை அதிகாரத்தைக் கற்பிக்கும்போதும் ஆசிரியர் ஐந்தாம் குறளில் சற்று நிற்க வேண்டும். பதவுரையும் பொழிப்புரையும் முடிந்தபின், கொடுத்த விலை யார் கைக்குப் போயிற்று என்று கேட்க வேண்டும். தலை குனிந்திருந்த சிறுவனும் அப்போது நிமிர்ந்து யோசிப்பான். தன் தந்தையை வெறுக்காமல் குடியை வெறுக்க அவனுக்கு ஒரு வழி கிடைக்கும்.